"ஜப்பானைப் பாருங்கள், எதையும் இழக்கவில்லை": அப்படியா?

கேள்வி, நவம்பர் 28

வெளிநாட்டுப் பழக்கம் வந்தால் பண்பாடு போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். கோட் சூட், கிறிஸ்துமஸ், பேஸ்பால், ரொட்டி என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். கிமோனோவும் தேநீர்ச் சடங்கும் கோயில் திருவிழாவும் அப்படியே இருக்கின்றன. எதையும் இழக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இது எப்படி அவர்களால் மட்டும் முடிந்தது?

நவம்பர் 28, இரவு

ஜப்பானின் செண்டாய் நகரில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். "எதையும் இழக்கவில்லை" என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிறைய இழந்திருக்கிறார்கள். சுற்றுலா போகிறவர் கண்ணில் அது படாது, அவ்வளவுதான். கேக் வெட்டியதால் போனது என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. அரசாணையால் போனவற்றுக்குப் பட்டியலே போடலாம். நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

நவம்பர் 29

காலண்டரில் தொடங்குகிறேன்.

1872 டிசம்பர் 9 அன்று மெய்ஜி பேரரசர் காலத்து அரசு ஓர் ஆணை போட்டது. நிலவை வைத்து மாதம் கணக்கிடும் பழைய காலண்டர் ரத்து, 1873 ஜனவரி 1 முதல் ஐரோப்பியக் காலண்டர். மக்களுக்குக் கிடைத்த அவகாசம் 23 நாள். அடுத்த வருடக் காலண்டரை அச்சடித்து அடுக்கி வைத்திருந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். பழைய கணக்கில் அந்த வருடத்தின் பன்னிரண்டாம் மாதம் இரண்டே நாளில் முடிந்துபோனது. மூன்றாம் நாள் விடிந்தபோது புது வருடம்.

மேல்நாடுகளோடு ஒத்துப்போக வேண்டும், நாகரிகம் வேண்டும் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த அவசரத்துக்குக் காரணம் கஜானா. வரவிருந்த வருடத்தில் ஒரு மாதம் கூடுதலாக விழுந்தது, அதாவது அரசு ஊழியர்களுக்கு 13 மாதச் சம்பளம். காலண்டரை மாற்றினால் அந்தப் பதின்மூன்றாவது மாதமே கிடையாது. இரண்டு நாளில் முடிந்த மாதத்துக்கும் சம்பளம் தர வேண்டாம். அன்றைய அரசின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான ஓகுமா ஷிகெனோபு பிற்காலத்தில் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

ஒரு தேசத்தின் பண்டிகைகள் எல்லாம் இடம் மாறியதற்குப் பின்னால் இரண்டு மாதச் சம்பளம் இருக்கிறது. இதைப் படித்த அன்று சிரிப்பதா கோபப்படுவதா என்றே தெரியவில்லை.

நவம்பர் 29, சற்று நேரம் கழித்து

"தேதிதானே மாறியது, பண்டிகை மாறவில்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தனபாதா என்ற நட்சத்திரத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாதம் ஏழாம் நாள் கொண்டாடுவது. வானத்தில் பால்வீதிக்கு இரு பக்கமும் இருக்கிற வேகா, ஆல்டேர் என்ற இரண்டு நட்சத்திரங்கள் காதலர்கள், வருடத்துக்கு ஒரே ஓர் இரவு சந்திக்கிறார்கள் என்பது கதை. மூங்கில் கிளையில் வண்ணக் காகிதத் துண்டுகளில் வேண்டுதல் எழுதிக் கட்டுவார்கள். பழைய காலண்டரில் இது பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும். வளர்பிறை ஏழாம் நாள் என்பதால் அரை நிலா நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். அதற்கு மேல் பால்வீதி நன்றாகத் தெரியும். இதையெல்லாம் பார்த்துத்தான் அந்த நாளை வைத்திருக்கிறார்கள்.

புதுக் காலண்டரில் அதே "ஏழு, ஏழு" ஜூலை 7 ஆனது. டோக்கியோவில் அது மழைக்காலத்தின் நடுவே. நிலா அன்றைக்கு எந்த நிலையில் இருக்கும் என்பதும் ஒவ்வொரு வருடமும் ஒன்று. நட்சத்திரத் திருவிழா இருக்கிறது, நட்சத்திரம் இல்லை. குழந்தைகள் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மார்ச் 3 பொம்மைத் திருவிழாவுக்கும் இதே கதிதான். பீச் மரம் பூக்கும் காலத்துக்கென்று இருந்த பண்டிகை, ஒரு மாதம் முன்னால் வந்துவிட்டது. பீச் பூ கண்ணாடிக் கூண்டுக்குள் சூடு வைத்து வளர்த்துக் கடைக்கு வருகிறது.

சடங்கு, உடை, பொம்மை, காகிதம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. புகைப்படம் எடுத்தால் குறையே தெரியாது. பருவத்தோடு இருந்த கட்டு மட்டும் அவிழ்ந்துவிட்டது.

நவம்பர் 30

மேலே சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. செண்டாய்க்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு மாதம் தள்ளி, ஆகஸ்ட் 6 முதல் 8 வரை தனபாதா. ஒபோன் என்ற முன்னோர் நினைவு நாள்களையும் நாட்டின் பெரும்பகுதி இப்படித்தான் ஆகஸ்ட் நடுவில் வைத்திருக்கிறது. டோக்கியோவில் பல இடங்களில் ஜூலை. ஒகினாவாவில் இன்றும் பழைய நிலாக் கணக்கு. ஆக ஒரே நாட்டில் இறந்தவர்கள் மூன்று வேறு தேதிகளில் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் குழப்பமாகத்தான் இருக்கும்.

செண்டாயில் நான் பார்த்த தனபாதா அலங்காரம் கடைத்தெருவின் கூரை உயரத்திலிருந்து தொங்கும். பெரிய மூங்கில் கம்பு, அதில் காகிதப் பூப்பந்துகள், அவற்றிலிருந்து முகத்தில் வந்து உரசுகிற நீள நீளக் காகித வால்கள். நடப்பவர்கள் கையால் விலக்கிக்கொண்டே போவார்கள். மழை வந்தால் கடைக்காரர்கள் ஓடிவந்து பிளாஸ்டிக் உறை மாட்டுவார்கள். ஆமாம், ஆகஸ்டிலும் மழை வரும். பழைய காலண்டர் ஒன்றும் மந்திரம் இல்லை.

டிசம்பர் 2

"தனபாதாவே சீனாவிலிருந்து வந்ததுதானே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். சரிதான். பண்டிகை, ரத்தான பழைய காலண்டர், எழுத்து, தேநீர், பௌத்தம் எல்லாம் கடல் தாண்டி வந்தவை. அதனால்தான் "அந்நியம் வந்தது, சொந்தம் போனது" என்ற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. சீனாவிலிருந்து வந்தது நூற்றாண்டுக் கணக்கில் ஊறி, வயலோடும் வானத்தோடும் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பியக் காலண்டருக்கு 23 நாள். இந்த வேகம் முக்கியம் என்று தோன்றுகிறது. மக்களும் உடனே விட்டுவிடவில்லை. அரசு அச்சிட்ட காலண்டரில்கூட ஓரத்தில் பழைய தேதிகள் இருந்துகொண்டே வந்தன. 1910க்கான காலண்டரில்தான் அவற்றை எடுத்தார்கள்.

டிசம்பர் 26

இந்த உரையாடல் இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் படங்களோடு எழுப்பிவிட்டீர்கள்.

ஜப்பானியக் கிறிஸ்துமஸைப் பற்றி: நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். டிசம்பர் 25 விடுமுறை கிடையாது, நான் முழு நாளும் வேலை பார்த்திருக்கிறேன். 24 இரவு காதலர்களுக்கு. ஸ்ட்ராபெர்ரி வைத்த வெள்ளை கேக் குடும்பத்துக்கு. 1974ல் கேஎஃப்சி நாடு முழுக்க ஒரு விளம்பரம் செய்தது, அதிலிருந்து கிறிஸ்துமஸுக்குப் பொரித்த கோழி. முன்பதிவு செய்யாவிட்டால் வரிசையில் நிற்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது 25 இரவு. நான் குடியிருந்த இடத்துக்குப் பக்கத்துப் பல்பொருள் அங்காடியில் ஊழியர்கள் ஏணி வைத்து மரத்தையும் மணிகளையும் கழற்றிக்கொண்டிருப்பார்கள். காலையில் அதே இடத்தில் மூங்கிலும் பைனும் சேர்த்துக் கட்டிய கதோமாத்சு என்ற புது வருட அலங்காரம் நிற்கும், ஒலிபெருக்கியில் கோதோ என்ற தந்தி வாத்தியத்தின் இசை. ஒரே இரவில். விருந்தாளியை மரியாதையாக அனுப்பிவிட்டுப் படுக்கையைச் சுருட்டி வைப்பது போல.

புது வருடத்தை இந்தக் கிறிஸ்துமஸ் தொடவே இல்லை. மூன்று நாள் அலுவலகம் மூடி, வீட்டோடு இருந்து, கோயிலுக்குப் போவது அப்படியே நடக்கிறது. காலியாக இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த பண்டிகை யாரையும் எழுப்பிவிடவில்லை.

டிசம்பர் 27

"மதத்தை விட்டுவிட்டுக் கோழியை மட்டும் எடுத்துக்கொள்வது கேலிக்கூத்து இல்லையா?"

கேலியாகத் தெரியலாம். ஆனால் அந்த மண்ணில் கிறிஸ்தவம் 1614ல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. தடை அறிவிப்புப் பலகைகளை எடுத்தது 1873ல், காலண்டர் மாறிய அதே வருடம். இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டு நாகசாகிப் பக்கத்தில் சில கிராமங்கள் ரகசியமாக அதைக் காப்பாற்றின. பாதிரியார் கிடையாது, புத்தகம் கிடையாது. கன்னி மரியாவைப் பௌத்தக் கருணைத் தெய்வமான கன்னோன் உருவத்தில் வைத்து வணங்கினார்கள். லத்தீனும் போர்த்துகீசும் கலந்த ஜெபங்கள் பொருள் மறந்து ஒலியாகவே தலைமுறை தாண்டின.

தடை போனதும் பலர் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார்கள். எல்லாரும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த குருக்கள் "சரியான" கிறிஸ்தவத்தைக் காட்டியபோது ஒரு பகுதியினர் வேண்டாம் என்றுவிட்டார்கள். இகித்சுகி தீவில் இப்படி இருந்தவர்கள் உண்டு. பாட்டன் முப்பாட்டன் செய்தபடிதான் செய்வோம் என்பது அவர்கள் நிலை. இரவல் வாங்கிய மதம் முன்னோர் வழியாகிவிட்டது. அசல்தான் அவர்களுக்கு அந்நியமாகத் தெரிந்தது.

இந்தக் கிராமங்களைப் பற்றிப் படித்த பிறகு "இது நம்முடையது, இது வந்தது" என்று கோடு கிழிக்கிறவர்களோடு வாதாடுவதைக் குறைத்துக்கொண்டேன். முழுதாக நிறுத்த முடியவில்லை, இந்த இழையே சாட்சி.

ஜனவரி 11

"கல்யாணத்தைப் பாருங்கள், ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவின் முறை எவ்வளவு தொன்மையானது, அதை விட்டு தேவாலயம் போல் கட்டிய மண்டபத்துக்கு ஓடுகிறார்கள்" என்று வருந்தியவருக்கு.

ஷின்டோ கோயில் திருமணத்துக்கு வயது நூற்றி இருபத்துச் சொச்சம். 1900ல் பட்டத்து இளவரசர் யோஷிஹிதோவின் திருமணம் அரண்மனைச் சன்னதியில் நடந்தது. அடுத்த வருடம் டோக்கியோவின் ஹிபியாவில் இருந்த கோயில் அதேபோல் பொதுமக்களுக்கும் நடத்தத் தொடங்கியது. அதற்கு முன் பெரும்பாலும் மணமகன் வீட்டில், உறவினர் முன், சாகே என்ற அரிசி மதுவைக் கோப்பை மாற்றிக் குடிப்பதோடு சரி. பூசாரிக்கு அங்கே வேலையே இல்லை. கடவுள் முன்னால் மணமுடிக்கிற ஐரோப்பிய வழக்கத்தைப் பார்த்துத்தான் இந்தச் சடங்கு உருவானது என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. ஆக, தேவாலய மண்டபம் தம்பி என்றால் ஷின்டோ திருமணம் அண்ணன். கொள்ளுத்தாத்தா என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தேவாலய மண்டபங்களில் அங்கி போட்டு நிற்கிற வெள்ளைக்காரர் பல இடங்களில் பாதிரியாரே இல்லை, வார இறுதி வேலைக்கு வந்தவர். யாரும் கண்டுகொள்வதில்லை.

பிப்ரவரி 15

நேற்று முழுக்க காதலர் தினச் சண்டை ஓடியிருக்கிறது. அந்தச் சண்டைக்குள் வரவில்லை. ஜப்பானில் அது என்ன ஆனது என்று மட்டும்.

பிப்ரவரி 14ல் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் தருகிறார்கள். காதலனுக்கு மட்டும் இல்லை, மேலாளருக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும். அதற்குக் கடமைச் சாக்லேட் என்றே பெயர். எங்கள் அலுவலகத்தில் பெண்கள் முன்கூட்டியே காசு சேர்த்து ஒரே மாதிரி சிறு பெட்டிகள் வாங்கி, காலை பத்து மணிக்கு மேசை மேசையாக வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு எதிரே இருந்தவர் உடனே டிராயரைத் திறந்து ஒரு சிறு குறிப்பேட்டில் பெயர்களை எழுதிக்கொள்வார். ஏன் என்றால் மார்ச் 14. சாக்லேட் வாங்கிய ஆண்கள் திருப்பித் தரும் நாள், மிட்டாய்த் தொழில் சங்கம் 1980 வாக்கில் தொடங்கி வைத்தது. வாங்கினால் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே எந்தப் பரிசுக்கும் உள்ள பழைய முறை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் உண்டு. ரோமாபுரிப் புனிதர் பெயரில் வந்த நாளுக்கும் மொய்க்கணக்கு வந்துவிட்டது.

வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய பழக்கம் புதியதை இப்படி விழுங்கி ஏப்பம் விட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2018ல் ஒரு சாக்லேட் நிறுவனமே செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து "கடமைச் சாக்லேட்டை நிறுத்துவோம்" என்று கேட்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 15, இரவு

எல்லாவற்றையும் ரொம்ப இனிப்பாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. "அப்படியானால் இரவல் வாங்கினால் நல்லதுதான்" என்று மூன்று பேர் முடிவே கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூட இசையைச் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

1879ல் அரசு இசைக்கென ஓர் அலுவலகம் திறந்தது, பொறுப்பாளர் இசாவா ஷூஜி. அடுத்த வருடம் பாஸ்டனிலிருந்து லூதர் வைட்டிங் மேசன் வந்தார். ஐரோப்பிய மெட்டுக்கு ஜப்பானிய வரிகள் போட்ட பாட்டுகள் பள்ளிக்குள் வந்தன. ஷாமிசென் என்ற தந்தி வாத்தியம், கோதோ எல்லாம் வகுப்பறைக்கு வெளியே நின்றன. நடுநிலைப் பள்ளியில் ஜப்பானிய வாத்தியத்தைத் தொட்டுப் பார்ப்பது கட்டாயமானது 2002ல்தான். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிள்ளைகளின் காது வேறு சுருதியில் வளர்ந்தது. என்னோடு வேலை பார்த்தவர்களில் பியானோ தெரிந்தவர்கள் நிறைய, ஷாமிசெனைக் கையில் எடுத்தவர் ஒருவரும் இல்லை. சொந்த வாத்தியத்தின் ஒலி அவர்களுக்குப் புது வருடக் கடைகளில் கேட்கிற பின்னணிச் சத்தம்.

இதை ஒரு தனி மனிதன் விரும்பிச் செய்யவில்லை. பாடத்திட்டம் செய்தது.

மார்ச் 9

கேட்டதற்காக: முடி பற்றி.

1871ல் ஆண்கள் குடுமியை வெட்டிக்கொள்ளலாம், இஷ்டம் என்று அரசு சொன்னது. அதைப் பார்த்துச் சில பெண்களும் முடியைக் குட்டையாக்கினார்கள். உடனே 1872லேயே டோக்கியோவில் பெண்கள் முடியை வெட்டுவது சட்டப்படி குற்றமானது. 1873ல் பேரரசரே குடுமியை வெட்டிக்கொண்டார். ஆண் மேல்நாட்டு முடியோடு திரிந்தால் நாகரிகம், பெண் வெட்டினால் பண்பாட்டுக்கு ஆபத்து. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இதை நம்ம ஊர் சண்டையாக்க வேண்டாம், அதற்கு வேறு இழைகள் ஏராளம்.

மார்ச் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: "நீங்கள் ஐனு பற்றி ஏன் பேசவில்லை?" பேச வேண்டியதுதான். இந்த இழைக்கே அது மையமாக இருந்திருக்க வேண்டும்.

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் பூர்வகுடிகள் ஐனு. பெண்கள் உதட்டைச் சுற்றிப் பச்சை குத்திக்கொள்வார்கள், ஆண்கள் காதணி போடுவார்கள். 1871ல் இரண்டையும் ஜப்பானிய அரசு தடை செய்தது. ஆண்களுக்கு "குடுமி உங்கள் இஷ்டம்" என்று சொன்ன அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். 1876ல் விஷ அம்பு வேட்டைக்குத் தடை. ஆற்றில் சால்மன் பிடிப்பதற்கும் அடுத்தடுத்துக் கட்டுப்பாடு. 1899 சட்டம் அவர்களை விவசாயிகளாக்க நிலம் கொடுத்தது, வேட்டையாடி மீன்பிடித்து வாழ்ந்தவர்களை. பள்ளியில் ஜப்பானிய மொழி. கரடியை வளர்த்து அதன் ஆவியைத் தெய்வங்களிடம் வழியனுப்பும் இயோமாந்தே சடங்கை நிறுத்தச் சொல்லி 1955ல் ஹொக்கைடோ நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது. திரும்பப் பெற்றது 2007ல். 1899 சட்டம் 1997 வரை உயிரோடு இருந்தது. பூர்வகுடி என்று சட்டத்திலேயே எழுதியது 2019ல். யுனெஸ்கோ 2009ல் ஐனு மொழியை அழிவின் விளிம்பில் இருப்பவற்றில் சேர்த்தது.

ஐனுக்களுக்கு ஜப்பானியப் பழக்கம்தான் அந்நியப் பழக்கம். அதை அவர்கள் எடுக்கவில்லை, அவர்கள் மேல் வைக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் கோழியை ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் யாரும் தண்டிக்கப்போவதில்லை. உதட்டுப் பச்சைக்கு அந்த வசதி இல்லை.

ஹொக்கைடோவின் ஷிராஓயில் 2020ல் திறந்த தேசிய ஐனு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறேன். பலகைகளில் ஐனு மொழிக்கு முதலிடம். நல்ல விஷயம். அங்கே வந்திருந்த பள்ளிக் குழந்தைகள் அதற்குக் கீழே இருந்த ஜப்பானிய வரியைத்தான் படித்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

ஆகவே முதலில் கேட்டவருக்கு: "ஜப்பான் எதையும் இழக்கவில்லை" என்று எழுதும்போது அந்த ஜப்பானில் யார் யார் உண்டு என்று பாருங்கள்.

ஜூலை 8

நேற்று டோக்கியோவில் மழையாம். நண்பர் படம் அனுப்பினார், நனைந்த மூங்கில். தேசிய வானியல் ஆய்வகம் 2001லிருந்து வருடாவருடம் பழைய கணக்குப்படியான தனபாதா தேதியையும் வெளியிடுகிறது. அன்றைக்கு விளக்கைக் குறைத்து வானத்தைப் பாருங்கள் என்கிறார்கள். சில ஊர்கள் கேட்கின்றன. போன பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதும் இப்போது புதுப் பழக்கம்.

ஆகஸ்ட் 20

"பழைய காலண்டர் அப்போ சுத்தமாகச் செத்துவிட்டதா?" இல்லை. நல்ல நாள் கெட்ட நாள் பார்ப்பதில் உயிரோடு இருக்கிறது. ஆறு நாள் சுழற்சி ஒன்று, பழைய மாதக் கணக்கில் ஓடுவது. மெய்ஜி அரசு காலண்டரில் சோதிடக் குறிப்புகளைத் தடை செய்து பார்த்தது, மக்கள் விடவில்லை. இன்றும் சாதாரணச் சுவர்க் காலண்டரில் சிறு எழுத்தில் இருக்கும். தாய்ஆன் என்றால் கல்யாணத்துக்கு உத்தமம். புத்சுமெத்சு என்றால் ஆகாது. தொமொபிகி அன்று பல ஊர்களில் தகன மண்டபமே திறக்காது, செத்தவர் தன்னோடு இன்னோர் ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாராம்.

என் அலுவலக நண்பர் ஒருவர் தேவாலயம் போல் கட்டிய மண்டபத்தில், வெள்ளை கவுன் போட்ட மணமகளோடு, வாடகைப் பாதிரியார் முன்னால், சரியாக ஒரு புத்சுமெத்சு நாளில் கல்யாணம் செய்துகொண்டார். அன்றைக்கு மண்டபம் பாதி காலி, அதனால் பெரிய தள்ளுபடி. அவர் பாட்டிக்கு மட்டும் நாளைச் சொல்லவில்லை.